மே விடுமுறைக்கு என்ன புத்தகம்?

மூன்றாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்கிறான், பெரிய கதைப்புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியிலேயே வையுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். வகுப்பைப் பார்க்காமல், மிக எளிய கதைகள் உள்ள முதல் வாசிப்பு நிலையிலிருந்தே தொடங்குங்கள். பக்கத்துக்கு ஓரிரு வரிதான், ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். ஒரு வரி நீங்கள், அடுத்த வரி அவன். திணறினால் உடனே திருத்தாதீர்கள், படத்தைப் பார்த்து அவனே பிடித்துக்கொள்வான். கதை பிடித்துப்போய் நாலு நாளும் அதையே கேட்டால், தாராளமாக விடுங்கள். அப்புறம், மதுரை என்கிறீர்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். புத்தகத்தை அவனே எடுக்கட்டும், டைனோசர் படமானாலும் சரி.