பாதி சோக்கில் மட்டும் ஓடும் பிரஷ் கட்டர்: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, மாதவரம் அருகே இரண்டு கறவை மாடுகளுக்காக அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வளர்க்கிறேன். புல் அறுக்கும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை மூன்று மாதங்களாக எடுக்கவில்லை. இப்போது கயிற்றை இழுத்தால் கிளம்புகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் அணைந்துவிடுகிறது. சோக்கைப் பாதி மூடினால் மட்டும் ஓடுகிறது. கார்புரேட்டரின் இரண்டு திருகுகளையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். முன்பு எந்த அளவில் இருந்தன என்பது தெரியவில்லை. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பாதி சோக்கில் மட்டும் ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே கோளாறு எங்கே என்பதைக் காட்டிவிடுகிறது. சோக்கை மூடும்போது காற்று குறைந்து, பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. அப்போதுதான் எஞ்சின் ஓடுகிறதென்றால், வழக்கமான நிலையில் அதற்குப் போதிய பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். வழி அடைத்திருக்கும்போது திருகைத் திருப்பிப் பயனில்லை. ஆகவே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கச் செலவழிக்கும் முன் பெட்ரோல் வரும் பாதையைத் தொட்டியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், அருகில் நெருப்பு இல்லாத இடத்தில் பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது, சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. தொட்டிக்குள் குழாயின் நுனியில் தொங்கும் சிறிய ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள். பழுப்பேறி வழவழப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். எஞ்சின் அணையப்போகும் நேரத்தில் மூடியைச் சற்றுத் தளர்த்தினால் தேறுகிறதா என்பதே அதற்குச் சோதனை.

இவை சரியாக இருந்தால் கார்புரேட்டரைக் கழற்றலாம். உங்களுடையது போன்ற இயந்திரத்தில், எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக, மிதவைக்குப் பதில் டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கும். அந்தச் சவ்வு உள்ளே தாழும்போதுதான் ஊசி வால்வு திறந்து பெட்ரோல் இறங்கும். விரலிடையில் பிடித்து மெல்ல மடக்கிப் பாருங்கள்: நல்ல சவ்வு துணிபோலத் துவளும், கெட்டது காய்ந்த வெங்காயச் சருகுபோல மொரமொரவென்று ஒலிக்கும். மூன்று மாதம் கிடந்த இயந்திரத்தில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். கார்புரேட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு சென்றால், டயாபிரமும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் அடங்கிய கிட்டைப் பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். எது மேலே, எது கீழே என்ற வரிசை மாறினால் இயந்திரம் ஓடாது. கழற்றும்போதே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மிகச் சிறிய சல்லடையைக் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் கழுவுங்கள். துளைகளில் கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். துளை அகன்றுவிட்டால் பிறகு எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது.

இனித் திருகுகளுக்கு வருவோம். எல் குறியிட்டது குறைந்த வேகத்துக்கு, எச் குறியிட்டது முழு வேகத்துக்கு, டி குறியிட்டது ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்துக்கு உரியது. எல், எச் இரண்டையும் கடிகார முள் திசையில், உட்காரும் வரை மிக மெதுவாக முறுக்குங்கள். அழுத்தினால் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று முதல் ஒன்றேகால் சுற்று வரை வெளியே எடுத்துக்கொண்டு தொடங்கலாம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழுவிப் பொருத்தி, பிளேடும் பாதுகாப்புத் தடுப்பும் மாட்டிய நிலையில், 15 மீட்டருக்குள் ஆளோ மாடோ இல்லாமல், எஞ்சினைச் சில நிமிடங்கள் சூடேற்றுங்கள்.

ஐடிலிங்கில் எல் திருகை உள்ளே முறுக்கினால் ஓரிடத்தில் எஞ்சின் தடுமாறும். வெளியே எடுத்தால் இன்னோரிடத்தில் தடுமாறும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி, சற்றே வெளிப்பக்கம் தள்ளி வையுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது திக்கினால் இன்னும் அரைக்கால் சுற்றுத் திறக்கலாம். பிறகு டி திருகால், எஞ்சின் அணையாமலும் பிளேடு சுற்றாமலும் இருக்கும் வேகத்தை வையுங்கள்.

எச் திருகில்தான் கவனம் வேண்டும். அதை மூட மூட எஞ்சின் கணீரென்று பாயும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது ஆபத்தின் ஒலி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறுவதோடு மசகும் குறையும். இப்படி ஓட்டிய ஓர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது, சைலன்சர் பக்கம் பிஸ்டன் முழுவதும் நெடுக்குக் கீறல்களைக் கண்டிருக்கிறேன். வாங்கிய முதல் பருவத்திலேயே அது வீணாயிற்று. எனவே முழு வேகத்தில், ஒருமுறைக்குப் பத்து வினாடிக்கு மேல் போகாமல், எச் திருகைத் திறந்து ஒலி கரகரப்பாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கரகரப்பு தெளியும் வரை மட்டும் மூடி, மீண்டும் ஒரு மயிரிழை திறந்து விடுங்கள். புல்லில் இறங்கும்போது ஒலி தெளிந்து, வெளியே எடுத்ததும் லேசாகக் கரகரத்தால் அளவு சரி. சித்திரை வெயிலில் வைத்த அளவில் மார்கழிக் குளிரில் பெட்ரோல் சற்றுக் குறைவாகத் தோன்றும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதற்குப் பெட்ரோலும் கூடுதலாக வேண்டும் என்பதே காரணம்.

நல்லதுதானே என்று ஆயிலைக் கூட்டி ஊற்றாதீர்கள். அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து, காற்றோடு சேரும் கலவை மெலியும். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி.

பத்து நிமிடம் புல் அறுத்தபின் நிறுத்தி, ஆறவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் எச் திருகை இன்னும் திறக்க வேண்டும். கரி படிந்து ஈரமாக இருந்தால் சற்று மூடலாம். இரண்டரைச் சுற்றுத் திறந்த பிறகும் வெளுத்தே இருந்தால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டிலோ, எஞ்சின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீலிலோ காற்று கசியக்கூடும். அதைச் சோதிக்கும்படி உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.