பாலே மேடையில் அசையாமல் நிற்பவர்கள்

மேலைநாட்டுச் செவ்வியல் நடனமான பாலேயின் தொழில்முறை நிகழ்ச்சிகளை அரங்கில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு எது மனத்தில் தங்கியது, அந்தக் கலைஞர்களைப் பற்றி என்ன எண்ணம் ஏற்பட்டது என்பது கேள்வி. நான் பாலே கற்றதில்லை. பார்வையாளராக மட்டுமே இதுவரை பதினொரு நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மூன்று ‘ஸ்வான் லேக்’, இரண்டு ‘ஜிசெல்’. முதல் நிகழ்ச்சிக்குப் போனபோது, உயரத் துள்ளுவதையும் விடாமல் சுழல்வதையும் காணத்தான் போனேன். இன்று என்னைக் கேட்டால், மேடையின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் குழு நடனக் கலைஞர்களைத்தான் முதலில் சொல்வேன்.

இது எனக்குப் புரிந்தது இரண்டாவது ‘ஸ்வான் லேக்’ நிகழ்ச்சியில். அன்று முன்வரிசையில், இடப்பக்கக் கடைசி இருக்கை கிடைத்திருந்தது. சாய்கோவ்ஸ்கியின் இசையில் 1877இல் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறிய இந்தப் படைப்பை 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர்கள் மாரியஸ் பெட்டிபாவும் லெவ் இவானோவும் புதிதாக அமைத்தார்கள். இன்று பெரும்பாலான குழுக்கள் ஆடுவது அந்த அமைப்பைத் தழுவியதே. ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவின் கைவண்ணம். இரண்டாம் அங்கத்தில் தனி வயலின் ஒலிக்க, இளவரசனும் அன்னமாக மாற்றப்பட்ட ஒடெட்டும் மிக மெதுவாக ஆடும் நீண்ட பகுதி ஒன்று வருகிறது. அதன் பெரும்பகுதியில், மற்ற அன்னங்களாக வரும் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இருபுறமும் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு காலில் உடல் எடையைத் தாங்கி, மற்றக் காலைப் பின்னால் குறுக்கே வைத்து விரல் நுனியால் தரையைத் தொட்டு, மணிக்கட்டுகளைப் பாவாடைக்கு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்க வேண்டும்.

எனக்கு மிக அருகில் நின்றவர் சற்று முன்புதான் வேகமான நடனம் ஒன்றை ஆடி முடித்து வந்திருந்தார். விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வாய் மூடியே இருந்தது. கழுத்தோரமாக வழிந்த வியர்வைத் துளி ஒன்று தோள் எலும்பின் குழியில் வந்து தங்கியது. அதைத் துடைக்கக் கை எழவில்லை. எடையைத் தாங்கிய காலின் கெண்டைச் சதை தோலுக்கடியில் துடிப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தத் துடிப்பு முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. பாவாடையின் ஓரம்கூட ஆடவில்லை. ஆடுவதைவிட இப்படி நிற்பதுதான் கடினம், ஓடிவந்த உடல் திடீரென்று நின்றுவிடும்போதுதான் தசை பிடித்துக்கொள்ளும் என்று பாலே கலைஞர்கள் பலர் சொல்லியிருப்பதை முன்பே படித்திருந்தேன். படித்தது அன்றுதான் கண்ணெதிரே தெரிந்தது. அடுத்த இசைத் தொடருக்கு அந்த வரிசை முழுவதும் ஒரே கணத்தில் கையைப் பிரித்துத் தலையைத் திருப்பியபோது, அவர் பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நாயகர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதே படைப்பின் மூன்றாம் அங்கத்தில் ஒடெட்டின் சாயலில் வந்து இளவரசனை ஏமாற்றும் கறுப்பு அன்னம் ஒடீல் 32 ஃபுவெத்தே சுழற்சிகள் ஆடுவது புகழ்பெற்றது. ஒரு காலின் விரல் நுனியில் எழுந்து நின்று, மற்றக் காலைச் சாட்டைபோல் வீசி, அந்த வீச்சின் விசையிலேயே உடலைச் சுழற்றுவது அது. உடல் திரும்பத் தொடங்கிய பின்னும் முகம் ஒரே புள்ளியை நோக்கி நின்று, கடைசி நொடியில் சட்டென்று திரும்பி மீண்டும் அதே புள்ளிக்கு வந்துவிடும். தலைசுற்றாமல் காப்பது அந்தப் பழக்கம்தான். 1895ஆம் ஆண்டு அமைப்பில் பியெரினா லெக்னானி என்ற இத்தாலியக் கலைஞர் ஆடிக் காட்டியதிலிருந்து இந்த எண்ணிக்கை ஒரு தேர்வுபோல ஆகிவிட்டது. பத்தாவது சுற்றிலேயே அரங்கம் கைதட்டத் தொடங்கிவிடுவதால், பிறகு இசை நம் காதில் விழுவதில்லை. நானும் முதல் முறை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணியதால் அந்தப் பெண்ணின் முகத்தில் ஓடிய வெற்றிக் களிப்பையும், இளவரசன் ஏமாந்துகொண்டிருக்கும் கதையையும் தவறவிட்டேன். பின்னொரு நிகழ்ச்சியில், குழுவின் பெயர் இங்கே வேண்டாம், ஆடியவர் சுமார் இருபது சுற்றுகளுக்குப் பின் இடம் பெயர்ந்து மேடை விளிம்பை நெருங்கிவிட்டார். உடனே சுழற்சியை மாற்றி, மேடையை வட்டமாகச் சுற்றிவரும் வேகமான திருப்பங்களில் புகுந்து, இசை முடியும் அதே தாளத்தில் வந்து நின்றார். என் பின்னால் சிலர் ஏமாற்றத்தோடு முணுமுணுத்தார்கள். எனக்கோ அந்த மாலையின் மிகச் சிறந்த கணம் அதுவே. மாயா பிலிசெட்ஸ்காயா போன்ற பெருங்கலைஞரே அந்த இடத்தில் ஃபுவெத்தேயை விட்டுவிட்டு, இப்படி வட்டமாகச் சுற்றிவரும் திருப்பங்களை ஆடியிருக்கிறார் என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

நேரில் பார்த்தால் மட்டுமே கிடைக்கும் இன்னொன்று ஒலி. காணொளியில் பாலே ஓசையற்ற கலையாகத் தோன்றும். அரங்கிலோ, விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூக்கள் தரையில் படும் ‘டக் டக்’ ஓசை நன்றாகவே கேட்கும். அந்தக் காலணியின் முனையில் மரம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான காலணிகளில் அது துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து இறுக்கியது. வியர்வையும் வெப்பமும் சேர்ந்து அது சீக்கிரமே இளகிவிடும். பெரிய வேடம் ஏற்பவருக்கு ஒரு ஜோடி ஒரே நிகழ்ச்சியோடு முடிந்துவிடுவதும் உண்டு. புதுக் காலணியை வளைத்தும், தரையில் அடித்தும், முனையைத் தைத்தும் ஒவ்வொருவரும் தம் பாதத்துக்கு ஏற்பப் பழக்கிக்கொள்கிறார்கள். ஓசையைக் குறைப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

‘ஜிசெல்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் இந்த ஓசை எனக்கு வேறு பொருள் தந்தது. 1841இல் பாரிஸில் கார்லோட்டா கிரிசி ஆட அரங்கேறிய கதை இது. மணநாளுக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகளான வில்லிகள் நள்ளிரவில் எழுந்து வருகிறார்கள். அவர்களின் அரசி மிர்த்தா, முகத்திரையோடு, கணக்கற்ற சிற்றடிகளில் மேடையைக் கடக்கிறாள். அடிகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அவள் நடப்பதாகவே தெரியவில்லை, யாரோ நூலில் கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது, திரையின் நுனி மட்டுமே மெல்ல அலைகிறது. பிறகு வில்லிகள் இரு அணிகளாகப் பிரிந்து, ஒரு காலைப் பின்னால் நீட்டிய நிலையில், மற்றக் காலால் மட்டும் தத்தித் தத்தி எதிரெதிராக வந்து ஒருவரையொருவர் ஊடுருவிக் கடந்துபோகிறார்கள். அப்போது அத்தனை காலணிகளும் ஒரே ஓசையாக ஒலித்தன. ஆவிகளுக்கு ஓசை எதற்கு என்று தோன்றலாம். எனக்கு அந்த ஒரே சீரான ஓசைதான் அச்சமூட்டியது.

முதல் அங்கத்தில் ஜிசெல்லின் தாய், இந்த வில்லிகளைப் பற்றி மகளைக் கைச்சைகைகளாலேயே எச்சரிக்கும் இடம் பல அமைப்புகளில் உண்டு. தலைக்கு மேலே இரு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் நடனம். இறுக மூடிய கைமுட்டிகளைக் கீழே குறுக்காக இறக்கினால் மரணம். முகத்தைச் சுற்றிக் கையை வட்டமிட்டால் அழகு. இந்தச் சில சைகைகளைத் தெரிந்துகொண்டு போனால் கதை தானாகப் புரியும். முதல் முறை எனக்கு இவை தெரியாததால் அந்தக் காட்சி நீளமாகத் தோன்றியது. இரண்டாம் முறை அந்தத் தாயை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கலைஞர்களின் வாழ்நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸ் ஓப்பரா பாலேயில் நடனக் கலைஞர்கள் 42 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். அங்கே கடைநிலையிலிருந்து ‘எத்துவால்’ என்ற உச்சம் வரை ஐந்து படிகள் இருக்கின்றன. பலர் தொழில் வாழ்க்கை முழுவதையும் குழு வரிசையிலேயே கழிக்கிறார்கள். அவர்களைத் தேறாதவர்கள் என்று எண்ணுவது பெரும் தவறு. 1877இல் பெட்டிபா அமைத்த ‘லா பயாதேர்’ படைப்பின் நிழலுலகக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். வெண்ணிற உடையில் பெண்கள் சாய்தளம் ஒன்றின் வழியே ஒருவர் பின் ஒருவராக, ஒரு காலைப் பின்னே நீட்டும் அரபெஸ்க் நிலையைத் திரும்பத் திரும்ப ஆடியபடி இறங்குகிறார்கள். 32 பேர் இறங்கும் அமைப்பில் முதலில் வருபவர் அதை முப்பதுக்கும் மேற்பட்ட முறை ஆட வேண்டும். ஒருவர் தடுமாறினாலும் அரங்கம் முழுவதும் பார்த்துவிடும். எல்லோரும் சரியாக ஆடினால் அவர்களில் ஒருவரின் பெயரும் யாருக்கும் நினைவிருக்காது. இதை அறிந்தே அவர்கள் நாள்தோறும் பயிற்சிக்கு வருகிறார்கள் என்பதுதான் அவர்கள்மீது எனக்குள்ள மதிப்புக்குக் காரணம்.

முதல் முறை போகிறவர்கள் மேல்மாடத்தின் நடுப்பகுதியில் இருக்கை எடுங்கள். குழுவினர் வரையும் கோடுகளும் வட்டங்களும் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். இரண்டாம் முறை முன்வரிசை ஓரத்துக்கு வாருங்கள். வயலின் தொடங்கி, எல்லோரும் நாயகியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடம் மட்டும் கண்ணைத் திருப்பி உங்களுக்கு மிக அருகில் நிற்கும் அன்னத்தின் கெண்டைக்காலைப் பாருங்கள்.