வாய்பாட்டைப் பார்த்தே ஹைட்ரஜன் பிணைப்பு உள்ளதா என்று சொல்ல முடியுமா?

மெத்தில் ஃபுளூரைடு, டைமெத்தில் ஈதர், மெத்தில் அமீன், அசிட்டோன் ஆகிய நான்கில் எதன் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொன்றாம் வகுப்பு என்று நினைக்கிறேன். நீட் பயிற்சிக்கும் போகிறீர்கள் போலிருக்கிறது. விடை மெத்தில் அமீன் மட்டும்தான். ஃபுளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றில் ஒன்று இருந்தாலே போதும் என்று யாராவது குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நான்கு சேர்மங்களிலுமே அவற்றில் ஒன்று இருக்கிறது.

ஹைட்ரஜன் எந்த அணுவோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது என்பதே கேள்வி. அந்த மூன்றில் ஒன்றோடு பிணைந்திருந்தால், அது எலக்ட்ரான்களைத் தன் பக்கம் பலமாக இழுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் நேர்மின்தன்மை பெற்று நிற்கும். பக்கத்து மூலக்கூறின் தனித்த எலக்ட்ரான் இணை, அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி, அதைக் கவரும். இந்தக் கவர்ச்சிதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மெத்தில் அமீனில் ஹைட்ரஜன் நைட்ரஜனோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. மெத்தில் ஃபுளூரைடில் மூன்று ஹைட்ரஜன்களும் கார்பனோடுதான் இருக்கின்றன. ஃபுளூரின் இருந்தும் பயனில்லை. வாய்பாட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது, கட்டமைப்பை வரைய வேண்டும். எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. ஆனால் எத்தனாலில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிறது, ஈதரில் அப்படி இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் மூலக்கூறுகளைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். அதனால் முன்னது 78 டிகிரியில் கொதிக்கிறது, பின்னது மைனஸ் 24 டிகிரியிலேயே ஆவியாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கண்டதும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஏற்காட்டில் காபித் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள். மேல்நிலை வகுப்புக்குச் சேலத்துக்கு இறங்கி வந்து படித்தேன். காலாண்டுத் தேர்வில் இதே மெத்தில் ஃபுளூரைடு வந்தது. படம் வரைந்து, ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை என்று எழுதினேன். தவறு என்று சிவப்பு மையில் கோடு. "ஃபுளூரின் இருக்கிறதே, எப்படியம்மா இல்லாமல் போகும்?" என்றார் ஆசிரியர். நூலகத்தில் ஒரு கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள மெத்தனாலின் மூலக்கூறு நிறை 32, கொதிநிலை 65 டிகிரி. மெத்தில் ஃபுளூரைடின் நிறை 34, கொதிநிலை மைனஸ் 78. "ஐயா, பிணைப்பு இருந்தால் இவ்வளவு கீழே போகுமா?" என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாலைச் சிறப்பு வகுப்புக்கு நிற்காத பிள்ளை, இங்கே வந்து வாதாடுகிறாயா?" என்றார். மதிப்பெண் வரவில்லை. ஆனால் என் விடை சரி. இன்று நான் வேதியியல் கற்பிக்கிறேன், இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது முதலில் கரும்பலகையில் எழுதுவது மெத்தில் ஃபுளூரைடைத்தான்.

சிறப்பு வகுப்புக்கு ஏன் நிற்கவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டத்துக்கு இருட்டில் நடக்க வேண்டிய பெண்பிள்ளைக்கு அந்த மாலை பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது. மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வகுப்பைக் காலையில் வையுங்கள் என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை. எல்லா ஆசிரியர்களையும் சொல்லவில்லை. எனக்குக் கட்டமைப்பு வரையக் கற்றுத்தந்தவரும் ஓர் ஆசிரியர்தான்.

அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறது, மெத்தில் அமீனோ மைனஸ் 6 டிகிரியில், அப்படியானால் உங்கள் கணக்கு எங்கே போயிற்று என்று சிலர் கேட்பார்கள். நிறை நெருங்கியவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். அசிட்டோனின் நிறை 58. அதை நிறை 60 உள்ள, ஹைட்ரஜன் பிணைப்பும் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோடு வைத்துப் பாருங்கள், அந்த ஆல்கஹால் 82 டிகிரியில் கொதிக்கிறது. குளோரோஃபார்மும் அசிட்டோனும் கலந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறதே என்றும் கேட்கலாம். உண்மை, அங்கே கார்பனோடு உள்ள ஹைட்ரஜனே பங்கெடுக்கிறது. மூன்று குளோரின்கள் சேர்ந்து இழுப்பதால் வந்த விதிவிலக்கு அது. உங்கள் கேள்வி தனித்தனிச் சேர்மங்களைப் பற்றியது, அதற்கு நான் சொன்ன விடையை எழுதுங்கள், பக்கத்தில் படத்தையும் வரையுங்கள்.