காலரைத் திருகும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தில் பொருத்தும் காயிலோவரைப் பற்றியவை. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுதியாக, உயரத்தை மாற்றுவதற்கான மரையோடும், அதில் திருகி நகர்த்தும் வளையமான காலரோடும் வரும் அந்தப் பொருளுக்கே இந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விற்பனையாளர்களுக்கு வாசகர்கள் சூட்டிய பட்டப்பெயர்களை நீக்கியிருக்கிறேன். அவற்றில் சில பொருத்தமானவைதான்.

கேள்வி: காலரை மரையில் ஓர் அங்குலம் நகர்த்தினேன். வண்டியின் முகப்பு ஏறக்குறைய இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. பழுதான பொருளை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: பொருளில் பழுதில்லை. ஷாக்கின் கீழ்முனை சக்கரத்துக்கு நேராக அமர்வதில்லை. சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ அமர்கிறது, சக்கரமோ அந்த ஆர்மின் கடைசி முனையில் இருக்கிறது. அதனால் ஷாக்கில் செய்யும் சிறு மாற்றம் சக்கரத்தில் பெருகித் தெரியும். பல பிக்கப் வண்டிகளில் அது ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை இருக்கும். உங்கள் வண்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ள, கால் அங்குலம் மட்டும் நகர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய உடனே அளந்தால், டயர்கள் உள்வாங்கிய நிலையிலேயே தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கி வைத்திருக்கும். அந்த அளவை நம்ப வேண்டாம்.

கேள்வி: இரு பக்கமும் எண்ணி எட்டுச் சுற்று திருகினேன். ஆனாலும் ஓட்டுநர் பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தே நிற்கிறது. ஜோடியில் ஒன்று தரக்குறைவானதா?

பதில்: சுற்றுகள் சமமாக இருந்தால் உயரமும் சமமாக இருக்கும் என்று யார் சொன்னது? எரிபொருள் தொட்டி, பேட்டரி, ஓட்டுநர் ஆகிய எதுவும் வண்டியின் நடுக்கோட்டில் அமர்வதில்லை. தாழ்ந்த பக்கத்துக்குக் கூடுதலாகச் சில சுற்றுகள் தேவைப்படுவது இயல்பு. சமதரையில், வழக்கமான சுமையுடன், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் புகுந்து குழப்பும். ஒரு மூலையை உயர்த்தினால் எதிர்மூலையும் சற்று அசையும் என்பதால், இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

கேள்வி: வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே, உளியும் சுத்தியலும் வைத்துக் காலரைத் தட்டித் திருப்பினேன். பாதியில் இறுகிவிட்டது; இப்போது எந்தப் பக்கமும் அசையவில்லை. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கேட்கவும் கூச்சப்படுவேன்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கின் மேலுள்ள சுமையைக் குறைத்துவிட்டு, மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து மண்ணை அகற்றி, எண்ணெய் விட்டு, லாக் ரிங்கையோ பூட்டுத் திருகையோ தளர்த்திய பிறகே காலரைத் தொட வேண்டும் என்பது பெட்டிக்குள் வந்த தாளிலேயே இருந்திருக்கும். அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தீர்களா? அப்படிச் செய்தும் காலர் முரண்டு பிடித்தால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசர் தேவை, சுத்தியல் அல்ல.

கேள்வி: என் வண்டியில் வின்ச்சோ (முகப்பில் மாட்டும் கம்பிவட இழுவை இயந்திரம்) இரும்பு பம்பரோ கிடையாது. "இரண்டரை அங்குல உயர்வு" என்று சொல்லி ஒரு கடையில் காயிலோவர் விற்றார்கள். காலரைக் கடைசி மரை வரை தளர்த்திய பிறகும் முகப்பு மூன்றரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையைத் தாண்டும்போதும் சக்கரம் கீழே இறங்கி "டக்" என்று அடிக்கிறது. "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: பழகாது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் சற்றே அமரும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் அங்குலம் அமராது. கனமான முன்பாரம் தாங்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை உங்கள் வெற்று வண்டிக்கு விற்றிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இதைப் பற்றி எழுத வாய்ப்புக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பிரிங்கை அங்குல உயர்வைச் சொல்லி விற்பதே ஏமாற்றின் முதற்படி. ஏனெனில் ஸ்பிரிங்குக்கு உயரம் தெரியாது, எடைதான் தெரியும். 600 என்று குறித்த ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 600 பவுண்டு தேவை. அது 1,800 பவுண்டு சுமந்தால் மூன்று அங்குலம் அமுங்கும். அதே நீளமுள்ள 700 ஸ்பிரிங் அதே சுமைக்கு ஏறக்குறைய 2.6 அங்குலமே அமுங்கும். அந்த 0.4 அங்குல வேறுபாடு சக்கரத்துக்குப் போகும்போது முக்கால் அங்குலத்தை நெருங்கிவிடும், காலரை யாரும் தொடாமலேயே. ஆகவே முன்பக்க எடையைக் கேட்காமல் உயரத்தை வாக்களிக்கும் விற்பனையாளர் குருட்டாம்போக்கில் பேசுகிறார். அதைவிட என்னைச் சினப்படுத்துவது பில். "காயிலோவர் செட் - 1" என்று ஒரே வரி. ஸ்பிரிங்கின் நீளம் இல்லை, பவுண்டு எண் இல்லை, எந்த எடைக்கானது என்பதும் இல்லை. மருந்துச் சீட்டில் "மாத்திரை - 1" என்று எழுதிக் கொடுத்தால் நாம் விழுங்குவோமா?

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்பார்கள். எவ்வளவு அமுங்கினாலும் ஒரே கெட்டித்தன்மை காட்டும் சீரான ஸ்பிரிங்கில் அப்படி ஆவதில்லை. 600 எப்போதும் 600தான். வண்டி உயர உயர, சக்கரம் கீழ்நோக்கி இறங்குவதற்கு ஷாக்கில் மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது, அது தீர்ந்த இடத்தில் ஷாக் தன் எல்லையில் மோதுகிறது. நீங்கள் கேட்கும் "டக்" அதுதான்.

ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படமெடுங்கள். வின்ச் இல்லாத முகப்பையும், இரு பக்க உயர அளவையும், காலர் கடைசி மரையில் நிற்பதையும் படமெடுங்கள். எடைக்குப் பொருந்தாத பொருளை விற்றுவிட்டீர்கள், ஸ்பிரிங்கை மட்டுமாவது மாற்றித் தாருங்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள்; தொலைபேசியில் பேசாதீர்கள். பல காயிலோவர்களில் ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற முடியும் என்பதால் கடைக்கும் அது பெரிய இழப்பல்ல. நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது.

கேள்வி: காயிலோவரில் இரண்டு அங்குலம் ஏற்றியாகிவிட்டது. அதன் தலைமேல் ஓர் அங்குல ஸ்பேசரும் (உயரம் கூட்டும் தடித்த வட்டு) வைத்தால் மலிவாக முடியுமே?

பதில்: வைக்காதீர்கள். சக்கரம் தொங்கும்போது பால் ஜாயின்ட்டும் டிரைவ் ஷாஃப்ட்டும் அவற்றின் எல்லையைத் தாண்டி வளையும், பிரேக் குழாய் இழுபடும், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசும்.

கேள்வி: பழைய காயிலோவர் ஜோடி ஒன்று பளபளப்பாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பளபளப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பழைய நினைவு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு ஜோடியை வாங்கினேன். கறுப்பு வண்ணம் புதிதாக அடித்திருந்தது. அந்த வண்ணம் மரையின் பள்ளங்களுக்குள்ளும் ஓடியிருந்ததைக் கண்ணால் கண்டும், விற்றவர் பொருளைப் பேணியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன். வீட்டில் வந்து கொக்கி ஸ்பேனரை மாட்டினால் காலர் அசையவில்லை. அலுமினியக் காலரும் எஃகு உடலும் ஈரத்தில் அரித்து ஒன்றையொன்று கவ்வியிருந்தன, மேலே வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். அந்த ஸ்பேனரும் மலிவு சரக்கு என்பதால் அதன் கொக்கிதான் முதலில் விரிந்தது. ஷாக்கின் தண்டில் ஊசிமுனை அளவு அரிப்புப் புள்ளிகள் இருந்தன. அவை எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் சீலைக் கிழித்து, மாட்டிய சில வாரங்களில் எண்ணெய் வழியத் தொடங்கியது.

எனவே பணம் கொடுப்பதற்கு முன் காலரை உங்கள் கண்முன்னே ஒரு முழுச் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் திரும்பி வந்துவிடுங்கள். கழற்றிப் பார்க்கும் ஆர்வத்தில் உச்சி நட்டை மட்டும் அவிழ்க்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் உயிரைப் பறிக்கக்கூடியது.

கேள்வி: முக்கால் அங்குலம்தானே உயர்த்தினேன், வீல் அலைன்மென்ட் அவசியமா?

பதில்: அவசியம். முகப்பு விளக்கின் ஒளியையும் அன்றே தாழ்த்திவிடுங்கள், எதிரே வருபவர் பிழைக்கட்டும்.

கேள்வி: முகப்பை ஓர் அங்குலம் உயர்த்தித் தரும்படி பணிமனை ஒன்றில் வண்டியை விட்டேன். மாலையில் கூலி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். வீட்டில் அளந்தால் பழைய உயரமே இருக்கிறது. காலரை ஒட்டி மரையில் படிந்திருந்த புழுதிக் கோடு கூட அப்படியே இருக்கிறது. கேட்டால், "ஓட்டியதில் இறங்கியிருக்கும்" என்கிறார்கள்.

பதில்: புழுதிக் கோட்டைக் கவனித்த உங்கள் கண்ணுக்கு என் வணக்கம். காலர் நகர்ந்திருந்தால் அந்தக் கோடு கலைந்திருக்கும், அல்லது காலரின் இப்போதைய இடத்திலிருந்து விலகி மரையில் தனியாக நின்றிருக்கும். காலர் நகர்ந்து, கோடும் அதனுடனேயே நகர்ந்து வர வழியில்லை. ஒரே மாலையில் ஓர் அங்குலம் இறங்கும் ஸ்பிரிங்கும் இல்லை. வண்டியைக் கழுவிவிடாதீர்கள். இன்றே அளவுநாடாவைச் சக்கர மையத்தில் வைத்து ஒரு படமும், புழுதிக் கோட்டை மிக அருகில் ஒரு படமும் எடுத்து, பில்லின் நகலுடன் பணிமனைக்கு அனுப்பி, செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தர ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதி கடந்தால் அதே படங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுங்கள். "இலவசமாகச் சரிசெய்து தருகிறோம், வண்டியைக் கொண்டு வாருங்கள்" என்று அழைத்தால், வண்டியை விட்டுவிட்டு வராமல் காலரைத் திருப்பும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.