குறைத்தது யார்?

அன்புள்ள அம்மா,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி ஹெட்டாக இருக்கிறேன். ‘லீடர்ஷிப்பில் இருக்கும் பெண்களுக்கு பெர்சனல் பிராண்ட் முக்கியம், லிங்க்ட்இன்னில் வாரம் மூன்று போஸ்ட் போடுங்கள்’ என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். போட்டோ போட்டால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? சுயதம்பட்டம் ஆகிவிடாதா? போன வருடம் எங்கள் டீமால் கசிவுப் புகார்கள் பாதியாகக் குறைக்கப்பட்டன. அதை எழுதலாம் என முடிவு செய்யப்பட்டுள்ளது.

க., கோவை

அன்புள்ள க.,

போட்டோ உங்கள் இஷ்டம். ஷாப் ஃப்ளோரில் பேசும் மொழியிலேயே எழுதுங்கள். அமெரிக்க நிர்வாக ஆலோசகர் டாம் பீட்டர்ஸ் 1997இல் ஒரு கட்டுரையில் எழுதிப் பரப்பிய ‘பிராண்ட்’ பேச்சு அது, போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி இரண்டு வரியில். ‘குறைக்கப்பட்டன.’ யார் குறைத்தது? ‘முடிவு செய்யப்பட்டுள்ளது.’ யார் செய்தது? தமிழில் ‘நான்’ என்றுகூடச் சொல்ல வேண்டாம், ‘குறைத்தேன்’ என்றால் போதும். அந்த ‘ஏன்’ விகுதியையுமா விட்டுக்கொடுப்பீர்கள்? கூட உழைத்தவர்களை மறைக்கச் சொல்லவில்லை. அவர்கள் பெயரையும் எழுதுங்கள். ‘டீம்’ என்று எழுதினால் அவர்களும்தான் காணாமல் போகிறார்கள்.

என் அத்தை ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆறு வருடம் தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தார். வயதுக்கு வந்ததும் நின்றுவிட்ட பெண்பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவருவார். அதற்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். ‘அப்பாவிடம் பேசிப் பயனில்லை, பாட்டியிடம் பேசு. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டாச்சு என்று முதலில் சொல்.’ இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு.

பிறகொரு நாள் அந்தப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் அறையில் மரப்பலகை, வெள்ளை பெயின்டில் பெயர்கள். ஒருவர் 1978 வரை. அடுத்தவர் 1984 முதல். நடுவில் ஒரு வரி இடம்கூட விடவில்லை. ‘பொறுப்பு’தானே, எழுதுவதில்லை என்றார்கள். அத்தையிடம் பொருமினேன். “நமக்கு எதுக்குடி அதெல்லாம்?” என்றார். அவர் போனபின் அந்த நோட்டும் பழைய பேப்பரோடு எடைக்குப் போனது. போட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றுவரை அது ஆறவில்லை.

சுயதம்பட்டமா? எழுதப் பழகாத நாளில் தோழியிடம் சொல்லி எழுதவைத்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, 30 ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 100க்கும் மேற்பட்ட நாவல்கள், எல்லாம் தன் பெயரில். அவரைத் தம்பட்டக்காரி என்பீர்களா?

வாரம் மூன்று வேண்டாம், மாதம் ஒன்று போதும். எந்த சீல் கசிந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சப்ளையரிடம் என்ன சொல்லிச் சண்டை போட்டீர்கள், எது முதலில் தப்பாகப் போனது, எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் இடத்துக்கு நாளை வரும் பெண் அதைப் படித்து வேலை செய்ய வேண்டும். முதல் பதிவைப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், கண்ணு. ஒரு ‘பட்டது’ இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.