அல்வாவுக்கு முன்னால் தாமிர சபை

கேள்வி: என் தங்கை மகன் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி வருகிறோம். கோவையிலிருந்து ஆறு பேர். மாமியாருக்கு வயது 72. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவதால் ஒரு சாயங்காலம் முழுக்க எங்கள் கையில் இருக்கிறது. வெளியூர்களில் வழிகாட்டி ஒருவர் முன்னால் நடக்க, பழைய கலை வேலைப்பாடுகளையும் ஊர்த் தின்பண்டங்களையும் சேர்த்துக் காட்டும் மாலை நடைக்குப் போயிருக்கிறோம். நெல்லையில் நாங்களே அப்படி நடக்க ஒரு வழி சொல்வீர்களா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக. நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை இருபது வருஷமாக இந்த நடைக்குத்தான் கூட்டிப் போகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அல்வாவில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் அல்வாவில் முடியுங்கள்.

காரணம் வெளிச்சம்தான். ஒரு மார்கழியில் சென்னையிலிருந்து வந்த சித்தி குடும்பத்தை முதலில் கடைக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் நின்று, வாங்கித் தின்று, கை கழுவி நெல்லையப்பர் கோயிலுக்குள் நுழையும்போது ஆறரை தாண்டிவிட்டது. அங்கே நடராஜர் ஆடும் மண்டபமான தாமிர சபையின் விதானம் இருட்டிக் கிடந்தது. சித்தப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். மறுபடி நெல்லைக்கு வராமலே அவர் காலமாகிவிட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் சாயங்காலம் நடை திறந்ததுமே நெல்லையப்பர் கோயிலுக்குள் போய்விடுங்கள். நடராஜருக்கு ஐந்து சபைகள்: சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம், எங்கள் ஊரில் தாமிரம். பெயரைக் கேட்டு உள்ளேயும் செம்பு மின்னும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. செம்புத் தகடு கூரையில்தான். கீழே நின்று பார்க்க வேண்டியது மரம். பல கை எண்ணெயும் விளக்குப் புகையும் ஏறிக் கறுத்த மரத்தில் சின்னச் சின்ன உருவங்கள் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும். முதலில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். ஐந்து நிமிஷம் நகராமல் நில்லுங்கள். கண் பழகப் பழக ஒரு முழங்கை, ஒரு கொண்டை, ஒரு காலின் வளைவு என்று ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். அதற்காகவாவது சீக்கிரம் போக வேண்டும்.

நெல்லையப்பர் கோயிலையும் காந்திமதியம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. மாமியார் அங்கே கொஞ்சம் உட்கார்ந்து காலாறட்டும். அம்மனைப் பார்க்காமல் யாரும் வெளியே வரமாட்டீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே வந்தால் ரத வீதிகள். இங்கே தெருமுனையை 'முக்கு' என்போம். வழி கேட்டால் வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்றுதான் பதில் வரும், குழம்பாதீர்கள். நடக்க முடிந்தவர்கள் நாலு வீதியையும் ஒரு சுற்று வரலாம். வழியில் ஒரு சுக்குக் காபி போதும். வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கீழ ரத வீதி. கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். மங்கலான ஒற்றை பல்பு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் வந்த பெயர். வரிசை நீளமாக இருந்தால் மாமியாரை நிற்க வைக்காதீர்கள். டவுனில் நல்ல லாலா கடைகள் வேறேயும் இருக்கின்றன. கிலோக் கணக்கு அப்புறம். முதலில் ஆளுக்கு நூறு கிராம் சூடாக வாங்கி, கடை ஓரத்திலேயே நின்று சாப்பிடுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, ஒரு இரவு வைத்துத் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். விட்ட நெய் திரும்ப வெளியே கக்கும்போதுதான் இறக்குவார்கள். பதம் சரியென்றால் விரலில் ஒட்டாது, பல்லுக்கு வேலை இருக்காது, நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகும். தாள் முழுக்க நெய் ஊறித் தெரியும். தின்று முடித்ததும் ஒரு கை மிக்சர். இனிப்புக்கு மேல் அந்தக் காரம் விழுந்தால்தான் எங்களுக்கு நிறைவு.

கேள்வி: போன வருஷம் நெல்லையப்பர் கோயிலில் என் பதினாலு வயது மகள் இசைத் தூணைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். ஓசை வருகிற தூணைத் தட்டினால் என்ன தப்பு?
— வாசகர், மதுரை

பதில்: அந்தப் பெரியவர் பக்கம்தான் நான். மணிமண்டபத்தில் நடுவே ஒரு பெரிய தூண், அதைச் சுற்றி 48 சிறு தூண்கள், அத்தனையும் ஒரே கல்லில் குடைந்தவை. மேலும் கீழும் பிடிப்போடு நிற்கிற மெல்லிய கல் தண்டு, இழுத்துக் கட்டிய தந்தி மாதிரி அதிர்கிறது. பருமன் மாற மாறச் சுருதி மாறுகிறது. மோதிரம் போட்ட விரலாலும் காசாலும் ஆளாளுக்குத் தட்டினால் கல் சில்லு சில்லாகப் பெயரும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று விழுந்தாலும் நாதம் செத்துவிடும். செத்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. அடுத்த தடவை மகளைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் பருமன் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சிற்பி காதால் அளந்து செதுக்கியது அவள் கண்ணுக்குப் பிடிபடும்.

கேள்வி: நெல்லைக் கல்யாணத்துக்குப் போனால் எதைத் தவறவிடக் கூடாது?
— வாசகி, ஈரோடு

பதில்: மறுவீட்டு விருந்தில் ஊற்றும் சொதியை, அதாவது தேங்காய்ப்பால் குழம்பை. முகூர்த்தச் சாப்பாட்டோடு பஸ் ஏறிவிடாதீர்கள். தேங்காயில் மூன்று பால் எடுத்து, தண்ணிப் பாலில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கை வேகவிட்டு, பாசிப்பருப்பு சேர்த்து, கெட்டிப் பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருமுன் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். காரம் பச்சை மிளகாயில் மட்டும். கோவைக்கார வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். தேங்காய்ப்பால் மந்தமாக இருக்கும் என்பதால் கூடவே இஞ்சித் துவையல் வைப்பார்கள். இலையில் ஒரு சுண்டைக்காய் அளவுதான் வைத்துவிட்டுப் போவார்கள், கூச்சப்படாமல் கூப்பிட்டு இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளுங்கள்.