கடலூரில் இருந்துகொண்டு மென்பொருள் மாநாடுகளுக்குப் போவதால் பயன் உண்டா?

கேள்வி: கடலூரில் ஒரு சிறு நிறுவனத்தில் ஓராண்டாக நிரல் எழுதுகிறேன். பெருநகரங்களில் நடக்கும் மென்பொருள் மாநாடுகளுக்குப் போகலாமா? டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் சம்பளத்தில் பாதி போய்விடும் போலிருக்கிறது.

நானும் கடலூர்தான், திருப்பாப்புலியூர். பத்தாண்டுகளுக்கு மேலாக நிரல் எழுதுகிறேன். உரைகளைக் கேட்பதற்காக மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். பெரும்பாலான உரைகள் பிறகு யூடியூபுக்கு வந்துவிடுகின்றன. வீட்டில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உங்கள் வேலையில் சிக்கிக்கொண்டிருக்கும் ஒன்றை நாலு பேர் முன் விரித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் போங்கள். அதற்குப் பெங்களூரு வரை போக வேண்டியதும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கைக்காசு போட்டு ஒரு பெரிய மாநாட்டுக்குப் போனேன். குளிரூட்டிய அரங்கு, கழுத்தில் அட்டை, பை நிறைய துண்டறிக்கைகள். முதல் நாள் காலையில் மூன்று உரைகள். மூன்றும் நன்கொடை தந்த நிறுவனங்களின் பொருள்களைப் பற்றியவை. இரண்டு நாளும் ஒருவரிடமும் வாய் திறக்காமல் ஊர் திரும்பினேன். அப்போது ஒரு பிழை மூன்று வாரமாக என்னை வாட்டிக்கொண்டிருந்தது. அதைத் தீர்க்கத் தெரிந்தவர் எனக்கு முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். கேட்பதற்குத்தான் அங்கே இடம் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்தக் குறையை வெகு காலத்துக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் ஓராண்டு பாடுபட்டு ஒரு மாநாட்டை நடத்தினார். வந்தவர்களோ தேநீர் இடைவேளைதான் நன்றாக இருந்தது என்றார்கள். அப்படியானால் கூட்டம் முழுவதையுமே தேநீர் வேளையைப் போல நடத்திப் பார்க்கலாமே என்று 1985இல் அவர் தொடங்கியதுதான் திறந்தவெளி (ஓப்பன் ஸ்பேஸ்) முறை. முன்கூட்டி அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்கார்வார்கள். பேச விரும்புகிறவர் தலைப்பைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். ஒரு குழுவில் நீங்கள் கற்கவும் இல்லை, கற்றுத்தரவும் இல்லை என்றால் எழுந்து அடுத்த குழுவுக்குப் போய்விடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு கால் விதி என்று இதைச் சொல்வார்கள்.

மென்பொருள்காரர்களிடையே இந்த வகைக் கூட்டம் பரவியது பார்கேம்ப் வழியாக. பதிப்பாளர் டிம் ஓரைலி 2003இல் தொடங்கிய ஃபூ கேம்ப், அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமான கூட்டம். 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர், ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில், யாரும் வரலாம் என்று அறிவித்துத் தாங்களே பார்கேம்ப் என்ற பெயரில் ஒன்றைக் கூட்டினார்கள். ஃபூ, பார் இரண்டும் நிரலாளர்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளும் பொருளற்ற பெயர்கள். (மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதுச்சேரியில் பார்கேம்ப் போகிறேன் என்று வீட்டில் சொல்லும் பெண்கள் இதை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது.) அடுத்த ஆண்டே, 2006இல், சென்னையிலும் பார்கேம்ப் நடந்தது. முதல் முறை வருகிறவர் ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்பது அதன் பழைய விதிகளில் ஒன்று. வெறும் பார்வையாளராக யாரும் வர முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

புதுச்சேரியில் சில நண்பர்கள் இந்த முறையில் நடத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பள்ளியின் இரண்டு வகுப்பறைகள், மொத்தம் 30 பேர்கூட இல்லை. சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் அறையும் நேரமும் கட்டம் போட்டிருந்தார்கள். காலை ஒன்பதரைக்குக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பத்து மணிக்குள் நிரம்பிவிட்டன.

அங்கே வந்திருந்த ஓர் இளைஞன், ஒரு மருத்துவமனைக்காகத் தான் எழுதிய டோக்கன் செயலியைக் காட்டினான். தலைப்பில் அவன் எழுதியிருந்தது 'பெயர் தப்பாக அச்சாகிறது, ஏன்?' என்பது மட்டுமே. சோதனைக்கு அவன் கொடுத்த பெயர் சிவசுப்பிரமணியன். சீட்டில் வந்ததோ 'சிவசுப்பிரமணியன'. எழுத்துருவில் கோளாறு என்றார் ஒருவர், அச்சு இயந்திரத்தில் கோளாறு என்றார் இன்னொருவர். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். கடலூர் முதுநகரில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர், நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது, மருமகனோடு சும்மா வந்தவர். கடைசிப் புள்ளி மட்டும்தான் விழுந்திருக்கிறது தம்பி, பெயருக்கு எத்தனை இடம் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். பதினைந்து என்றான் அவன்.

அவ்வளவுதான், எல்லோரும் எண்ணத் தொடங்கினோம். நம் கணக்கில் சிவசுப்பிரமணியன் 10 எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் கணக்கில் 16: உயிர்மெய்யில் வரும் கொம்பும் சுழியும், மெய்யில் வரும் புள்ளியும் அங்கே தனித்தனிக் குறியீடுகள். பதினைந்தோடு வெட்டினால் பதினாறாவதாக நிற்கும் புள்ளி போய்விடும். அதைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக இந்தப் பெயருக்கு 48 பைட். 'தமிழ்' என்பதையே பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கொடுத்தால் நீளம் 5 என்றுதான் சொல்லும். நான் எழுந்து, தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தைக் காட்டினேன். அவன் வரம்பை எழுத்துக் கணக்குக்கு மாற்றி, தரவுத்தளத்திலும் இடத்தைக் கூட்டினான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பெயர் புள்ளியோடு திரையில் வந்துவிட்டது. அன்று மாலை பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அந்தப் பெரியவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு வர வேண்டிய கூட்டம் என்றால் அவர் வந்திருக்கவே மாட்டார். ஆங்கிலத்தில் நடந்திருந்தால் வந்தும் வாய் திறந்திருக்க மாட்டார்.

இதை வைத்துப் பெரிய மாநாடுகள் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2009இல் பெங்களூருவில் தொடங்கிய, பைத்தான் நிரலாளர்களின் மாநாடான பைகான் இந்தியா தன்னார்வலர்களே நடத்துவது. 2019இல் சென்னைக்கும் வந்தது. அப்படிப்பட்ட மாநாடுகளில் ஐந்து நிமிட மின்னல் உரைகள் இருக்கும், யாரும் எடுத்துப் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல நிரலைக் கூடி உட்கார்ந்து எழுதும் அமர்வுகள் இருக்கும். இருக்கும் பணத்தில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் அவை இருக்கிற மாநாடாகப் பார்த்துப் போங்கள். உரை நிகழ்த்த விண்ணப்பித்தும் பாருங்கள். தேர்வானால் டிக்கெட்டில் சலுகை தருகிறவர்களும் உண்டு.

ஆனால் உங்களிடம் நான் உண்மையில் எதிர்பார்ப்பது வேறு. கடலூரிலேயே ஒன்றை நடத்துங்கள். பத்துப் பேர் போதும். ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் ஒரு டியூஷன் சென்டர், சார்ட் தாள், மார்க்கர், மூன்று நான்கு ஜங்ஷன் பாக்ஸ். புரொஜெக்டர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஐந்து பேர் நெருங்கி உட்காரும்போதுதான் பேச்சு நன்றாக வருகிறது. பேசத் தயங்குகிறவர்களிடம் உரை நிகழ்த்து என்று சொல்லாதீர்கள், இந்த வாரம் எங்கே மாட்டிக்கொண்டாய் என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்களை முதலில் பேசவிடுங்கள். அனுபவசாலிகள் தொடங்கினால் மாணவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை வைக்க வேண்டாம். நம் கடற்கரையை மழையும் புயலும் எப்படிப் படுத்தும் என்று 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது கடலூரும் புதுச்சேரியும் சேர்ந்தே பார்த்தன. முகூர்த்த ஞாயிறுகளையும் தவிர்த்துவிடுங்கள், அன்று பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. இன்னொன்று, மாலை நான்கரைக்கு மேல் இழுக்காதீர்கள். பண்ருட்டியிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் வருகிற பெண்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு முடியும் கூட்டம் என்றால் அவர்கள் மூன்றரைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அவர்கள் ஒட்டிய தாள் மட்டும் சுவரில் நின்றுவிடுகிறது. அதனால் தலைப்புகளைக் கட்டத்தில் ஒட்டும்போதே தொலைவிலிருந்து வந்தவர்களுக்குக் காலை நேரத்தைக் கொடுத்துவிடுங்கள்.